எலியும் ஏலியும்

தமிழில் 'மவுசு' என்றொரு சொல் உண்டு. ஒரு பொருளை மக்கள் பெரிதும் விரும்பித் தேடினால், 'அதற்கு இப்போது நல்ல மவுசு' என்கிறோம். கணிப்பொறியின் அருகில் வாலுடன் கிடக்கும் சிறு கருவிக்கும் அதே பெயர் வாய்த்திருப்பது வேடிக்கைதான். பாடநூல்கள் அதனைச் 'சுட்டி' என்கின்றன. சிலர் 'எலி' என்றே நகையாடுவர். எப்பெயரிட்டு அழைப்பினும், அது சொன்னபடி கேட்கும் வரை அதற்கு மவுசு இல்லை. கேட்க மறுத்த அன்றுதான் அதன் மவுசு நமக்குத் தெரியவருகிறது.

அத்தகைய ஒரு சின்னஞ்சிறு கருவி, சென்ற தவக்காலத்தில் ஆதம்பாக்கத்தில் நமக்கு ஒரு பெரிய பாடத்தைப் புகட்டியது. அப்பாடம் பங்கு அலுவலகத்திற்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறி புகுந்துவிட்ட ஒவ்வோர் இல்லத்திற்கும் உரியது. ஆதலின் அதனை மறைக்காமல் ஈண்டு எழுதுகிறோம்.

நிகழ்ந்தது என்ன?

பங்கின் திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பேணிக்காப்பது பங்குத்தந்தையின் கடமை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் எண் அதனைத் தெளிவாகக் கூறுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் தென்பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் பள்ளிச் சான்றிதழ் முதல் வீட்டுப் பத்திரம் வரை நீருக்குப் பறிகொடுத்தன. காகிதம் எவ்வளவு எளிதில் அழியும் என்பதை அன்று கண்ணாரக் கண்டோம். மூலப் பதிவேடுகளைப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டே, அவற்றின் செய்திகளைக் கணிப்பொறியிலும் ஏற்றிவைப்பது நலம் என்று கருதினோம்.

இப்பணியை ஊதியமின்றி ஏற்றுக்கொண்டவர் நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அகவை அறுபத்தெட்டு. கையில் சிறு நடுக்கம் உண்டு. ஆனால் கண்ணில் கூர்மையும் எழுத்தில் பிழையின்மையும் உண்டு. மங்கிப்போன மையில், பழைய குருக்களின் கையெழுத்தில் உள்ள பெயர்களைப் படித்தறிவது எளிதன்று. அவரோ காலைத் திருப்பலி முடிந்ததும் வந்தமர்ந்து, நண்பகல் மணியடிக்கும் வரை பொறுமையோடு எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்வார்.

இரண்டொரு முறை அவர், "ஃபாதர், இந்த மவுஸ் சரியில்லை. ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை ஆகிறது. அம்புக்குறி தானாகத் துள்ளுகிறது" என்று சொன்னதுண்டு. நாமோ, "பழகப் பழகச் சரியாகிவிடும், டீச்சர்" என்று கூறி அகன்றோம். செவி இருந்தும் கேட்டோமில்லை.

ஒருநாள் ஐந்து ஆண்டுகளின் திருமுழுக்குப் பதிவுகள் அடங்கிய கோப்புறை முழுவதும் காணாமற்போயிற்று. மூன்று வாரத்து உழைப்பு! அலுவலகத்தில் வேறு இருவர் நின்றுகொண்டிருந்தனர். அவர்கள் முன்னிலையில் நாம், "கை நடுங்குகிறவர்கள் இந்த வேலைக்கு வரலாமா?" என்று கேட்டுவிட்டோம்.

ஆசிரியை மறுமொழி கூறவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார், பையை எடுத்துக்கொண்டார், சென்றார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

உண்மை வெளிப்பட்ட மாலை

அவ்வாரச் சனிக்கிழமை மாலை, பாஸ்காவிற்குப் பின் திருமணம் செய்யவிருந்த இளைஞர் ஒருவர் ஓலை வாசிப்பதற்காகத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தார். நாமே கணிப்பொறியின் முன் அமர்ந்தோம். நம் கை நடுங்காத கை. ஆயினும் அம்புக்குறி நாம் கிழக்கே இழுத்தால் மேற்கே பாய்ந்தது. ஒருமுறை அழுத்திய கோப்பு இருமுறை திறந்தது. அரை மணி நேரம் போராடியும் சான்றிதழ் அச்சாகவில்லை. முதலில் கணிப்பொறியைக் குறைகூறினோம். பின்னர் மின்சாரத்தைக் குறைகூறினோம். அப்பொழுதும் ஆசிரியை சொன்ன சொல் நம் நினைவுக்கு வரவில்லை!

வந்திருந்த இளைஞர் பழுதுபார்க்கும் தொழில் அறிந்தவர். "ஃபாதர், நீங்கள் எழுந்திருங்கள்; நான் பார்க்கிறேன்" என்றார். அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாக இங்கே தருகிறோம். ஏனெனில் இம்முறையை எவரும் தம் இல்லத்தில் கையாளலாம், கைக்காசும் மிஞ்சும்.

முதலில் மவுசைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் விளக்கொளி தெரிகிறதா என்று நோக்கினார். தெரிந்தது, மின்சாரம் வந்து சேருகிறது என்று பொருள். தெரியாதிருந்தால் செருகியைக் கழற்றி மற்றொரு துளையில் செருகிப் பார்க்கவேண்டும். (சிலவகை மவுசில் கண்ணுக்குப் புலனாகாத ஒளியே உண்டு, அவற்றிற்கு இச்சோதனை பொருந்தாது.) கம்பியில்லா மவுசாயின், அடியில் உள்ள சிறு பொத்தான் அணைந்திருக்கிறதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா என்பவற்றை முதலில் காண்க. பாதிக் குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும். வட்டமுனைச் செருகி உள்ள பழைய மவுசாயின், கணிப்பொறியை அணைத்த பிறகே செருகுக.

அடுத்து, கம்பி மவுசின் உடலுக்குள் புகும் கழுத்துப் பகுதியை மெல்ல வளைத்துப் பார்த்தார். ஒருபுறம் வளைத்தால் வேலை செய்தும் மறுபுறம் வளைத்தால் நின்றும் போனால், உள்ளே இழை அறுந்துள்ளது என்று கொள்க. இங்கு அக்குறை இல்லை.

பின்னர்ப் புன்னகையுடன் மேசையைத் தட்டினார். "ஃபாதர், இந்தக் கண்ணாடியை யார் போட்டது?" என்றார்.

நாம்தான் போட்டோம். மேசையின் மீது அழகிய கண்ணாடிப் பலகை. அதன் கீழே நம் குருத்துவ வெள்ளிவிழாப் படங்கள், ஆயருடன் எடுத்த படம், ஆண்டு நாட்காட்டி. தமிழ்நாட்டு அலுவலகங்களில் எங்கும் காணும் காட்சி. ஆனால் ஒளியால் இயங்கும் மவுசுக்கு இக்கண்ணாடியே கண்கட்டு. அதன் அடியில் ஒரு சிறு விளக்கும், ஒரு நுண்ணிய படப்பிடிப்புக் கருவியும் உள்ளன. விளக்கு சாய்வாக ஒளி வீச, மேசைப் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிழலிடுகின்றன. கருவி அவற்றை வினாடிக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட முறை படமெடுத்து, முன்படத்தையும் பின்படத்தையும் ஒப்பிட்டு, எத்திசையில் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. வழவழப்பான கண்ணாடியில் மேடு ஏது, பள்ளம் ஏது? ஒளி ஊடுருவிச் சென்றுவிட, குருடன் வழி தேடுவதுபோல் அம்புக்குறி அங்குமிங்கும் துள்ளுகிறது. பழைய நாட்காட்டி அட்டை ஒன்றைத் திருப்பி மவுசின் கீழே வைத்தார் அவ்விளைஞர். துள்ளல் பெரும்பாலும் நின்றது.

முழுவதும் நிற்கவில்லை. மீண்டும் திருப்பி, ஒளி வரும் துளையை உற்று நோக்கியபோது, அங்கே ஒரு தலைமயிர் குறுக்கே கிடந்தது. உலர்ந்த பஞ்சுக் குச்சியால் அதனை அகற்றினார். துளையில் நீர் தெளித்தலும் வாயால் ஊதுதலும் கூடா. எச்சிலின் ஈரம் படியும். உருண்டை வைத்த பழைய மவுசு எவரிடமேனும் இன்னும் இருப்பின், அடிமூடியைத் திருகிக் கழற்றி, உருண்டையைத் துடைத்து, உள்ளே உள்ள சிறு உருளைகளில் வளையமாகப் படிந்திருக்கும் அழுக்கைச் சுரண்டி எடுத்தால் போதும்.

அம்புக்குறி இப்போது அடங்கியது. ஆனால் ஒருமுறை அழுத்தினால் இருமுறை ஆகும் குறை அப்படியே இருந்தது. இங்குதான் அவ்விளைஞர் நம்மை வியக்கவைத்தார். கணிப்பொறியின் அமைப்புகளுக்குள் சென்று, இடக்கைப் பழக்கமுள்ளோர்க்காக வைத்துள்ள மாற்றத்தைச் செய்தார். அதாவது, இடப்பொத்தானின் வேலையை வலப்பொத்தானுக்கும், வலப்பொத்தானின் வேலையை இடப்பொத்தானுக்கும் மாற்றினார். வலப்பொத்தானால் கோப்பைத் தொட்டபோது ஒன்றுக்கு ஒன்றாகவே கேட்டது; ஒரு பிழையும் இல்லை. மேலும் ஐயமறத் தெளிய, அம்மவுசைக் கழற்றித் தம் மடிக்கணினியில் செருகினார். அங்கும் அதே குறை. தம் மவுசை நம் கணிப்பொறியில் செருகினார். இங்கே குறை இல்லை.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாளில் காரண காரிய ஆராய்ச்சியைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தோம். மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்று. குறை எதனோடு செல்கிறதோ அதுவே காரணம் என்பதுதான் அதன் சாரம். பத்து நிமிடத்தில் அதனைச் செய்து காட்டினார் இந்த இளைஞர். நாமோ தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றதோடு மறந்துவிட்டோம்.

பொத்தானின் கீழே நகக்கண் அளவான ஒரு மின்விசை இருக்கிறது. அதனுள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று, அழுத்துந்தோறும் 'டிக்' என்று வளைந்து தொட்டு மீள்கிறது. பல இலட்சம் முறை அழுத்திய பின் தொடுமுனை தேய்ந்தும் கறுத்தும் போகிறது. அப்போது தகடு ஒருமுறை உறுதியாகத் தொடுவதற்கு மாறாக, விட்டுவிட்டுத் தொடும். அந்த இடைவெளியைக் கணிப்பொறி இரண்டாம் அழுத்தமாக எண்ணிக்கொள்ளும். கோப்பை இழுத்துச் செல்லும்போது இவ்விடைவெளி நேர்ந்தால், விரலை எடுத்துவிட்டதாகக் கருதி, கோப்பை நடுவழியில் கிடைத்த இடத்தில் போட்டுவிடும்.

"அப்படியானால் காணாமற்போன கோப்புறை?" என்றோம்.

இளைஞர் தேடிப்பார்த்தார். அது அழியவில்லை. பக்கத்தில் இருந்த இறப்புப் பதிவேட்டுக் கோப்புறைக்குள் விழுந்து கிடந்தது. "டீச்சர் கையில் குறை இல்லை, ஃபாதர். மவுஸ்தான் நடுவில் நழுவவிட்டிருக்கிறது" என்றார்.

திருமுழுக்குப் பெற்றோர் அனைவரும் இறந்தோர் பட்டியலுக்குள் கிடந்தனர்! சிரிக்கவேண்டிய செய்தி. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏலியின் இருக்கை

அன்றிரவு நம் நினைவுக்கு வந்தவர் குரு ஏலி. சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரத்தை வாசகர் அறிவர். சீலோவில் ஆண்டவரின் இல்லத்து வாயிலருகே இருக்கையில் அமர்ந்திருக்கிறார் ஏலி. மக்கட்பேறு இல்லாத அன்னா மனம் கசந்து மன்றாடுகிறார். உதடுகள் மட்டும் அசைகின்றன, குரல் கேட்கவில்லை. அதைக் கண்ட ஏலி அவரைக் குடிவெறி கொண்டவர் என்று எண்ணிக் கடிந்துகொள்கிறார். கண்டது உண்மை, உதடு அசைந்தது உண்மை. கொண்ட முடிவோ பொய்.

நாமும் கண்டோம். ஆசிரியையின் கை நடுங்கியது உண்மை. கோப்பு காணாமற்போனதும் உண்மை. இரண்டையும் முடிச்சுப்போட்டது நம் அவசரம். இருக்கையில் அமர்ந்திருப்பவர்க்கு இந்தச் சோதனை மிக எளிதில் வருகிறது. ஓர் எலியால் நாம் ஏலி ஆனோம்.

ஆனால் ஏலியிடம் ஒரு நற்பண்பு இருந்தது. அன்னா தம் துயரை எடுத்துரைத்ததும் அவர் வாதாடவில்லை. தம் தீர்ப்பை அப்போதே கைவிட்டு, அமைதியுடன் செல்லுமாறு வாழ்த்தி அனுப்பினார். அந்தப் பாதியையேனும் நாம் பின்பற்றவேண்டாமா? ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும், கோப்புறை காணாமற்போன அன்று அலுவலகத்தில் நின்றிருந்த அவ்விருவரையும் உடன் அழைத்துக்கொண்டு ஆசிரியையின் இல்லம் சென்றோம். பழிச்சொல்லைப் பலர் அறியக் கூறிவிட்டு, மன்னிப்பை மட்டும் மறைவில் கேட்பது நீதியன்று.

நடந்ததைக் கூறி மன்னிப்புக் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "இரண்டு தடவை சொன்னேன், ஃபாதர்" என்றார். அவ்வளவே. வேறு எந்தக் கடிந்துரையும் அவ்வளவு ஆழமாகத் தைத்திருக்காது. காப்பி கொண்டுவந்து வைத்தபின், "அந்தப் பதிவேட்டில் இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது?" என்று கேட்டார்.

கருவி தோன்றிய கதை

நிற்க. இக்கருவியை ஆக்கியவர் யார் என்பதையும் வாசகர் அறிதல் நன்று. அவர் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்கப் பொறியியலார், 1925இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின் முடிவில் கடற்படையின் ராடார் பணியாளராகப் பிலிப்பைன்ஸ் நாட்டிற்கு அனுப்பப்பட்டார். அங்கே லெய்ட்டே தீவில், கால்நட்டுக் கட்டிய ஒரு குடிலில் செஞ்சிலுவைச் சங்கத்தார் நூலகம் வைத்திருந்தனர். அங்கு அவர் படித்த கட்டுரையொன்று அறிவைச் சேமிக்கவும் தேடவும் உதவும் பொறிகளைப் பற்றியது. மாந்தர் கூடிச் சிந்தித்துத் தம் சிக்கல்களைத் தீர்த்துக்கொள்ளக் கணிப்பொறி துணைசெய்ய வேண்டும் என்பதே பின்னாளில் அவரது வாழ்நாள் வேட்கையாயிற்று.

அவரது கருத்தின்படி 1964இல் பில் இங்கிலிஷ் என்னும் உடன்பணியாளர் முதல் மவுசைச் செய்தார். அது மரத்தாலான ஒரு சிறு பெட்டி. மேலே ஒரே பொத்தான். கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அதனை அறிஞர் கூட்டத்தில் இயக்கிக் காட்டினார் எங்கல்பார்ட். 1970இல் காப்புரிமை கிடைத்தது. உலகமெங்கும் இல்லந்தோறும் மவுசு பரவுமுன் அவ்வுரிமையின் காலம் முடிந்துவிட்டமையால், கோடிக்கணக்கில் விற்ற அக்கருவியால் அவர் செல்வர் ஆகவில்லை. 2013 ஜூலை 2ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அதற்கு 'மவுஸ்' என்று முதலில் பெயரிட்டவர் யார் என்பது அவருக்கே நினைவில்லையாம்! மரப்பெட்டியில் தொடங்கிய அக்கருவி இன்று ஆதம்பாக்கத்தின் தெருக்கோடிக் கடையிலும் கிடைக்கிறது.

இல்லங்களுக்குச் சில சொற்கள்

மவுசு அடியோடு நின்றுவிட்டாலும் அஞ்சவேண்டா. விசைப்பலகையாலேயே பெரும்பாலான வேலைகளை முடிக்கலாம். 'டேப்' விசை ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்திற்கு நகர்த்தும். 'என்டர்' விசை தேர்ந்ததைத் திறக்கும். கோப்பு தவறான இடத்தில் விழுந்துவிட்டால், வேறு எதையும் தொடாமல் உடனே 'கண்ட்ரோல்' விசையுடன் 'இசட்' விசையை அழுத்துக; பெரும்பாலும் பழைய இடத்திற்கே மீளும். இந்த ஒரு செய்தியை நாம் முன்பே அறிந்திருந்தால் அந்தக் கடுஞ்சொல்லே பிறந்திராது.

முதியோர்க்காக மற்றொன்று. அம்புக்குறியின் வேகத்தைக் குறைக்கவும், அதன் உருவைப் பெரிதாக்கவும், இருமுறை அழுத்துவதற்குரிய இடைவெளியைக் கூட்டவும் கணிப்பொறியின் அமைப்புகளிலேயே வழி உண்டு. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இவற்றைச் செய்துகொடுக்கப் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடம் போதும். 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று கூறுவதற்கும் அதே அளவு நேரந்தான் ஆகிறது. எதனைத் தேர்ந்தெடுப்பது என்பது பிள்ளைகளின் கையில் உள்ளது.

பழுதான மவுசை உடனே குப்பையில் எறிவதும் வேண்டா. நம் மவுசில் தேய்ந்தது நகக்கண் அளவுள்ள ஒரு விசை மட்டுமே. அவ்விளைஞர் வீட்டில் கிடந்த பழைய மவுசு ஒன்றிலிருந்து நல்ல விசையை எடுத்துப் பற்றவைத்துத் தந்தார். புதிதாக வாங்கினாலும் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்தான். ஆயினும் தூக்கியெறியும் பழக்கத்தைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் விடுத்த எச்சரிக்கை இத்தகைய சிறு பொருள்களுக்கும் பொருந்தும். பொருள்களை எறியப் பழகிய கை, பின்னர் மனிதரையும் எறியத் தயங்குவதில்லை. நாம் ஏறக்குறைய அதனைச் செய்தோம் அன்றோ?

ஆதலின் அன்பார்ந்த பங்குக் குடும்பங்களே, உங்கள் இல்லத்தில் ஏதேனும் ஒன்று பழுதாகும்போது, முதலில் பொருளை ஆராயுங்கள். அடுத்து அது வைக்கப்பட்டிருக்கும் மேசையை ஆராயுங்கள். அம்மேசையில் கண்ணாடி போட்டவர் நாமோ என்றும் ஆராயுங்கள். அதனைப் பயன்படுத்தியவர் மீது குறைகாண்பது எல்லாவற்றிற்கும் கடைசியாக வரட்டும். மருமகளின் சமையலாயினும், மகனின் மதிப்பெண்ணாயினும், முதிய தந்தையின் மறதியாயினும் இதுவே முறை. குறையைச் சொல்ல வருபவர் ஒருமுறை சொல்லும்போதே செவிகொடுத்துக் கேளுங்கள். இரண்டாம் முறை சொல்லவைக்காதீர்கள்.

நம் அலுவலக மேசையில் இப்போது கண்ணாடி இல்லை. வெள்ளிவிழாப் படங்கள் பெட்டிக்குள் சென்றுவிட்டன. காலைத் திருப்பலி முடிந்ததும் அந்நாற்காலியில் மீண்டும் ஆசிரியை அமர்கிறார். கை இன்னும் நடுங்குகிறது. பதிவேட்டில் பிழை இல்லை. ஆண்டவர் அக்கையை ஆசீர்வதிப்பாராக!